சேலத்திலும் ஏற்காட்டிலும் முதியோரின் மூட்டு, நடை, தளர்வு: கள ஆய்வுக்குப் புதிதாக இறங்குபவர்களுக்கு

பிசியோதெரபி, சமூக மருத்துவம், செவிலியம், சமூகப்பணி என எந்தத் துறையில் இருந்தாலும் சரி, 60 வயது தாண்டியவர்களின் மூட்டு வலி, நடை, உடல் தளர்வு (frailty) மூன்றையும் அளக்க முதன்முறையாகக் களமிறங்குகிறீர்கள் என்றால் இந்தக் குறிப்புகள் உங்களுக்குத்தான். புள்ளியியலுக்குப் பாடப்புத்தகம் இருக்கிறது, அதை இங்கே தொடப்போவதில்லை. எந்தத் தாள் எந்த மேசைக்கு முதலில் போக வேண்டும், மலைக்கு எதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், எந்த இடத்தில் எண் கெட்டுப்போகும் என்பதுதான் விஷயம்.

1. வலியையும் தளர்வையும் முதலிலேயே பிரியுங்கள்

தளர்வுக்குப் பெரும்பாலானோர் எடுத்துக்கொள்வது அமெரிக்க முதியோர்நல ஆய்வாளர் லிண்டா ஃப்ரைடின் குழு 2001-இல் வெளியிட்ட ஐந்து அடையாளங்களை: ஓராண்டில் தானாக 4.5 கிலோவோ அதற்கு மேலோ எடை குறைவது, அசதி, கைப்பிடி வலு குறைவது, மெதுவான நடை, குறைந்த உடலுழைப்பு. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தளர்ந்தவர். ஒன்றோ இரண்டோ இருந்தால் தளர்வின் முன்நிலை.

இந்த ஐந்தில் மூன்றை மூட்டு வலியே தனியாகக் கொண்டுவந்துவிடும் என்பதுதான் சிக்கல். முழங்கால் தேய்ந்தவர் மெதுவாக நடப்பார், வெளியே போவதைக் குறைத்துக்கொள்வார். விரல் மூட்டு வீங்கியவரால் பிடியை அழுத்த முடியாது. உடம்பில் தெம்புள்ள அம்மாப்பேட்டை நெசவாளரைக்கூட உங்கள் படிவம் தளர்ந்தவர் என்று காட்டிவிடும். பிறகு 'மூட்டு வலி உள்ளவர்களிடம் தளர்வு அதிகம்' என்று முடிவு எழுதினால், ஒரே விஷயத்தை இரண்டு பெயரில் அளந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இதற்குப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தால் போதும். ஒவ்வொரு சோதனைக்குப் பக்கத்திலும் 'மெதுவானதற்கு, நிறுத்தியதற்குக் காரணம்: வலி / வலுவின்மை / பயம் / வேறு' என்று போடுங்கள். சோதனை முடிந்த கையோடு, "வலிச்சதா ஆயா, பலம் பத்தலையா, இல்ல விழுந்துருவோம்னு பயமா?" என்று கேட்டுக் குறியுங்கள். ஒரு வாரம் கழித்துப் போன் போட்டுக் கேட்டால் இந்தப் பதில் கிடைக்காது.

வெட்டுப்புள்ளியையும் இப்போதே எழுதிவையுங்கள். ஃப்ரைடின் எல்லைகள் அமெரிக்க முதியோரிடமிருந்து வந்தவை. அவற்றை அப்படியே இங்கே வைத்தால் ஊரில் பாதிப் பேர் வலுவற்றவர்களாகத் தெரிவார்கள். ஆசியத் தசைக்குறைவுக் குழுவின் 2019 வரையறையில் கைப்பிடி ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே, நடை நொடிக்கு 1 மீட்டருக்குக் கீழே. அதை எடுக்கலாம், அல்லது உங்கள் மாதிரியிலேயே கடைசி ஐந்தில் ஒரு பங்கை எல்லையாக வைக்கலாம். எதுவானாலும் தரவைப் பார்த்த பிறகு முடிவு செய்யாதீர்கள். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

முழங்கால் தேய்மானத்துக்கு எக்ஸ்ரே வேண்டும் என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னால், மலைக்கிராமத்து முதியவரைக் கீழே அழைத்துவந்து திருப்பி விடும் செலவை யார் ஏற்பது என்று கேளுங்கள். அமெரிக்க மூட்டுநோய்க் கல்லூரியின் 1986 மருத்துவ அளவுகோலுக்கு எக்ஸ்ரே தேவையில்லை. முழங்கால் வலியோடு ஆறில் மூன்று இருந்தால் போதும்: வயது 50-க்கு மேல், 30 நிமிடத்துக்குக் குறைவான காலை விறைப்பு, மடக்கும்போது நறநறப்பு, எலும்பைத் தொட்டால் வலி, எலும்புப் புடைப்பு, தொட்டால் சூடு இல்லாமை.

2. எத்தனை பேர், எத்தனை நாள்

முதியோரில் 30 சதவீதம் பேருக்குத் தளர்வு என்று முந்தைய ஆய்வு ஒன்று சொல்வதாக வைத்துக்கொள்வோம், ஏற்கும் பிழை இருபுறமும் 5 சதவீதம். 4 × 30 × 70 ÷ 25 என்றால் 336 பேர். பத்தில் ஒருவர் மறுப்பார், அதனால் 374. ஊர் ஊராகக் கொத்தாக எடுத்தால் 1.5-ஆல் பெருக்க வேண்டும், 561 ஆகிவிடும்.

இப்போது நாட்களைக் கணக்கிடுங்கள். கேள்விகளும் அளவுகளும் சேர்ந்து ஒருவருக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டு பேர் குழு சேலம் நகரில் நாளைக்கு ஏழு பேரைப் பார்க்கலாம். மலையில் வீட்டுக்கு வீடு ஏறி இறங்க வேண்டும், நான்கைந்தே பெரிது. 374 பேர் என்றால் நகரிலேயே 54 களநாள். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டிய முதுநிலை ஆய்வுக்கு இது தாங்குமா என்று பார்த்து, முடியாதென்றால் கேள்வியைச் சுருக்குங்கள். எண்ணிக்கையை மட்டும் குறைத்துவிட்டுப் பெரிய கேள்வியை வைத்திருப்பது வீண்.

3. நெறிமுறைக் குழு: தாள்களின் பட்டியல்

மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வை முன்கூட்டியே பார்த்து அனுமதிப்பது நெறிமுறைக் குழு. உங்கள் கல்லூரியின் குழு மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவானதா என்று முதலில் கேளுங்கள். பதிவு இல்லாத, அல்லது பதிவு காலாவதியான குழுவின் கடிதத்தைப் பல ஆய்விதழ்கள் ஏற்காது. கல்லூரியில் குழுவே இல்லையென்றால் வேறொரு நிறுவனத்தின் குழுவிடம் ஒப்பந்தத்தோடு போகலாம்.

கொண்டுபோக வேண்டியவை: துறைத் தலைவர் வழியாக மேலனுப்பிய கடிதம், ஆய்வுத் திட்டம், தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல் தாள், ஒப்புதல் படிவம், கேள்வித்தாள், ஆய்வாளர்களின் தன்விவரம், வரவுசெலவுத் திட்டம், நலமுரண் (conflict of interest) அறிவிப்பு, அளவுகோல்களைப் பயன்படுத்த வாங்கிய அனுமதி. எத்தனை பிரதி, என்ன கட்டணம் என்பதை உறுப்பினர் செயலரின் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். இடத்துக்கு இடம் மாறும்.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் தமிழ்த் தகவல் தாளால்தான். ஆங்கிலத்தை இயந்திரத்தில் போட்டு எடுத்த தமிழைக் குழுவில் இருக்கும் பொதுமக்கள் பிரதிநிதி முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார். 'அறுதியிடப்படாத அபாயம்' என்று எழுதாதீர்கள். 'எழுந்து உட்காரும்போது தடுமாறலாம், அதனால் பக்கத்தில் ஒருவர் நிற்பார்' என்று எழுதுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலில் முதியோர், பழங்குடியினர் இரு தரப்புக்கும் தனிப் பாதுகாப்பு உண்டு. ஏற்காட்டு மலைக்கிராமங்களில் வாழும் மலையாளி மக்கள் (கேரளத்தவர் அல்ல, இந்த மலைகளின் மக்கள்) பட்டியல் பழங்குடியினர். பழங்குடிப் பகுதியில் ஆய்வென்றால் அதனால் அந்த மக்களுக்கு நேரடிப் பயன் இருக்க வேண்டும், உள்ளே போகும் முன் மாவட்ட ஆட்சியர் போன்ற அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். 'பயன்' என்ற தலைப்பின் கீழே 'எதிர்கால ஆய்வுக்கு உதவும்' என்று மட்டும் எழுதினால் கேள்வி வரும். இரத்த அழுத்தம் பார்த்துச் சொல்வது, உடற்பயிற்சி கற்றுக்கொடுப்பது, பரிந்துரைச் சீட்டு தருவது என்று செய்யப்போவதை எழுதுங்கள்.

விண்ணப்பித்த நாளிலிருந்து ஒன்று முதல் மூன்று மாதம் ஒதுக்குங்கள். குழு மாதாமாதம் கூடுகிறதா, காலாண்டுக்கு ஒருமுறையா என்பதைப் பொறுத்து இது மாறும். உடற்பயிற்சி கொடுத்துப் பலன் பார்க்கும் ஆய்வென்றால் சி.டி.ஆர்.ஐ. என்னும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் தேவை. கட்டணம் கிடையாது, ஆனால் 2018 ஏப்ரல் 1-இலிருந்து உள்ள விதிப்படி, முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும். பாதி ஆய்வில் நினைவு வந்து பதிய முடியாது.

4. அனுமதிக் கடிதங்கள்: வரிசை மாறினால் சுற்ற வேண்டும்

நெறிமுறைக் குழுக் கடிதம் கையில் இல்லாமல் மற்ற அலுவலகங்களுக்குப் போனால், அது வந்ததும் வாருங்கள் என்பதுதான் பதிலாக இருக்கும். கடிதம் வந்த பிறகு போக வேண்டிய இடங்கள்:

ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அதன் பணியாளர்களையோ பயன்படுத்துவதென்றால் சென்னையில் பொது சுகாதார இயக்குநரகம், அதன் வழியே மாவட்ட சுகாதார அலுவலர். மாநகராட்சி வார்டுகளென்றால் மாநகர் நல அலுவலர். மலைக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம். எஸ்டேட் குடியிருப்புக்கு நிர்வாகத்தின் அனுமதி.

எஸ்டேட்டில் ஒரு கண்ணி உண்டு. மேலாளர் சரி என்றதும் மேஸ்திரி எல்லாரையும் வரிசையில் நிறுத்திவிடுவார். அப்படி நிற்பவரிடம் வாங்கும் ஒப்புதலுக்கு மதிப்பில்லை. வேலை நேரத்துக்கு வெளியே, மேஸ்திரி இல்லாத இடத்தில் தனித்தனியாகக் கேளுங்கள்.

மலையூர்களில் தாள் அனுமதியோடு வேலை முடியாது. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரை முன்கூட்டியே பார்த்து, யார் நீங்கள், என்ன அளப்பீர்கள், எத்தனை நாள் வருவீர்கள் என்று சொல்லுங்கள். அளக்கப் போகும் நாளிலேயே போய் அறிமுகம் செய்துகொள்வது மரியாதை ஆகாது. கிராமச் செவிலியரையும் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலரையும் பிடித்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டிலேயே பிசியோதெரபி பெறுபவர்களும் உண்டு. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைத் தவறவிட்டால் உங்கள் மாதிரியில் நடமாடும் முதியோர் மட்டுமே மிஞ்சுவார்கள், தளர்வின் அளவு குறைத்துத் தெரியும்.

5. எந்த மாதத்தில் போவது

மலையில் நவம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை காபிப் பழம் பறிப்பு. அறுபது தாண்டியவர்களும் வேலைக்குப் போவார்கள், பகலில் வீடு பூட்டியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் பனிமூட்டமும். 20 கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் மண் சரிந்தால் அன்றைய திட்டம் போச்சு. மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் பஸ்ஸும் அறையும் கிடைப்பது கஷ்டம். ஆகவே மலைக்கு மார்ச், ஏப்ரல் நல்லது; ஜூன் முதல் செப்டம்பர் வரையும் போகலாம், ஆனால் அப்போதும் மழை உண்டு. கீழே சேலத்தில் ஏப்ரல், மே வெயிலில் பகல் பதினொன்றுக்குமேல் நடைச் சோதனை வைக்காதீர்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டிகள் பிற்பகலில்தான் அகப்படுவார்கள்.

காலை, மாலை வித்தியாசமும் முக்கியம். மலைக்குளிரில் காலை ஏழு மணிக்கு அளந்த முழங்காலும் பிற்பகல் மூன்று மணிக்கு அளந்த முழங்காலும் ஒன்றாக இருக்காது. அளந்த நேரத்தைக் குறிக்க ஒரு கட்டம் விடுங்கள்.

6. பையில் என்ன, செலவு எங்கே

பெரிய செலவு கைப்பிடி மானி. ஜாமர் ஹைட்ராலிக் பல பத்தாயிரம் ரூபாய். கல்லூரியில் இருந்தால் இரவல் வாங்குங்கள், கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள். சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் டிஜிட்டல் வகையும் உண்டு, ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள். ஜாமரில் உட்கார்ந்து முழங்கையை 90 பாகை மடக்கி அளக்க வேண்டும். ஸ்மெட்லி வகை ஸ்பிரிங் மானியில் நின்று கையை நீட்டி அளக்க வேண்டும். பாதிப் பேரை அதில், மீதியை இதில் அளந்தால் அந்த எண்களைச் சேர்த்துப் பார்க்க வழியே இல்லை.

நாற்காலியைக் கையோடு கொண்டுபோங்கள். கைப்பிடி இல்லாத, இருக்கை உயரம் 43 முதல் 46 சென்டிமீட்டர் உள்ள, வளையாத நாற்காலி. ஊரில் தரும் பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கும், கால் விரியும், உயரமும் ஒன்றுபோல் இருக்காது.

மற்றவை: ஸ்டாப்வாட்ச் இரண்டு, 5 மீட்டர் டேப், தரையில் ஒட்டும் வண்ண டேப், எடைக்கருவியும் அதன் அடியில் வைக்க ஒரு சமப்பலகையும், உயரமானி, ரத்த அழுத்தக் கருவி, தடுமாறினால் பிடிக்க இடுப்புப் பட்டை, ஸ்டாம்ப் பேட், துடைக்கத் துணி. ஜெராக்ஸைக் குறைத்து எடைபோடாதீர்கள். ஆளுக்கு 12 பக்கம் என்றால் 374 பேருக்கு 4,488 பக்கம். பக்கத்துக்கு ஒரு ரூபாய் வைத்தாலும் நாலரை ஆயிரம். கைபேசியில் பதிவதென்றால் இணையமில்லாமலும் இயங்கும் கோபோகலெக்ட் போன்ற செயலி எடுங்கள், மலையில் பல ஊர்களில் சிக்னல் வராது. உள்ளூர் உதவியாளரின் சம்பளம், கூலி இழப்புக்கு ஈடு, போக்குவரத்து மூன்றும் நெறிமுறைக் குழு பார்த்த பட்ஜெட்டில் இருக்க வேண்டும். பிறகு சேர்க்கும் தொகை ஆசை காட்டி ஆள் சேர்த்ததாகப் படும்.

7. கேள்வித்தாள்

மூட்டு வலியையும் அன்றாடச் சிரமத்தையும் அளக்கும் வோமாக் கேள்வித்தாள் 24 கேள்விகள் கொண்டது, உரிமம் வாங்க வேண்டும். முழங்காலுக்கான கூஸ் கேள்வித்தாள் 42 கேள்வி, இலவசம், அதிலிருந்தே வோமாக் மதிப்பெண்ணையும் கணக்கிடலாம். பணமில்லாத மாணவருக்கு என் ஓட்டு கூஸுக்குத்தான். ஆனால் குந்துவதும் மண்டியிடுவதும் அதில் விளையாட்டுப் பகுதியில் போய்க் கிடக்கின்றன. நம் ஊரில் அவை அடுப்படி, கழிப்பறை, கோயில் வேலை. அந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டால் உண்மையான சிரமம் பதிவாகாது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவதைத் தனிக் கேள்வியாகச் சேருங்கள், ஆனால் அதைக் கூஸ் மதிப்பெண்ணில் கலக்காதீர்கள்.

'கால் வலி' என்று சொன்னால் அது முழங்காலா, கெண்டைச் சதையா, இடுப்பிலிருந்து இறங்கும் நரம்பு வலியா என்று தெரியாது. குடைச்சல், இழுப்பு, மரத்துப்போவது, வாயுப் பிடிப்பு என்று பல பெயர் வரும். கையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், உடல் படத்தில் அந்த இடத்தைக் குறியுங்கள்.

உடலுழைப்பில் பெரிய தவறு நேரும். "உடற்பயிற்சி செய்வீங்களா?" என்றால் "அதெல்லாம் இல்லப்பா" என்பார். அதே ஆள் காலையில் விறகுச் சுமையோடு மேடு ஏறி வந்திருப்பார். உலக சுகாதார நிறுவனத்தின் உடலுழைப்புக் கேள்வித்தாளான ஜி.பி.ஏ.க்யூ. வேலை, பயணம், ஓய்வு எனப் பிரித்துக் கேட்கும். அது இங்கே பொருந்தும்.

எடை குறைந்ததா என்பதற்குப் போன வருட எடை யாருக்கும் தெரியாது. ரவிக்கை தளர்ந்ததா, வளையல் கழன்று விழுகிறதா, வேட்டியை இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறதா என்று கேட்கலாம். அப்படிக் கேட்டால், மூல அளவுகோலை மாற்றியதாக ஆய்வுமுறைப் பகுதியில் எழுதியே ஆக வேண்டும்.

வயதும் அப்படித்தான். ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டுமோ, ஜனவரி 1 என்றோ இருந்தால் சந்தேகப்படுங்கள். அண்ணா இறந்தபோது, அதாவது 1969 பிப்ரவரியில், பள்ளிக்கூட வயதா, கல்யாணம் ஆகிவிட்டதா? எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பரில் மூத்த பிள்ளைக்கு என்ன வயது? இரண்டு கேள்வியில் ஓரிரு ஆண்டு வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம். ஆதார் எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

8. ஒப்புதல்

முதியவர்களுக்குத் தாளில் கைநாட்டு வைப்பது என்றாலே பயம். நிலத்தை எழுதி வாங்குகிறார்களோ என்று மகனும் நினைப்பார். படிவத்தைக் குடும்பத்தார் முன் சத்தமாகப் படியுங்கள், கையெழுத்து இடத்துக்கு மேலே வெற்றிடம் விடாதீர்கள், ஒரு பிரதியை அவர்களிடமே கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு, உங்கள் குழுவைச் சேராத, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி கையொப்பமிட வேண்டும்.

'ஓ.ஏ.பி. பணத்துக்குத்தானே எழுதுறீங்க?' என்று யாராவது கேட்டால் வேலையை நிறுத்திவிட்டு, இதற்கும் முதியோர் உதவித்தொகைக்கும் சம்பந்தமில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்த நினைப்போடு பதில் சொல்பவர் நடக்கவே முடியாது என்பார், எண் கெடும். அதைவிட, அவர் ஏமாறுவார்.

9. அளக்கும் நாள்

சமநிலை, நடை, நாற்காலி என்ற வரிசையிலேயே போங்கள். இந்த மூன்றும் சேர்ந்தது எஸ்.பி.பி.பி., உடல் இயக்கத் திறனை அளக்கும் குறுஞ்சோதனைத் தொகுப்பு. அதில் ஒவ்வொன்றுக்கும் 4, மொத்தம் 12 மதிப்பெண். கால்களைச் சேர்த்து, பிறகு பாதி முன்வைத்து, பிறகு ஒன்றன் முன் ஒன்றாக வைத்துப் பத்துப் பத்து நொடி நிற்க வேண்டும். வாயால் விளக்கினால் புரியாது, நீங்கள் நின்று காட்டுங்கள்.

நடைக்கு 4 மீட்டர் சமதளம் வேண்டும், முடிவுக் கோட்டுக்கு அப்பால் இன்னும் ஒரு மீட்டராவது. கோட்டிலேயே நிற்கச் சொன்னால் கடைசி இரண்டு அடியில் வேகம் குறையும். மலைவீட்டு வாசலில் சமதளம் கிடைக்காது. பள்ளி வராந்தா, அங்கன்வாடி, ரேஷன் கடைத் திண்ணை ஆகியவற்றை முதல்நாளே அளந்துவையுங்கள். செருப்போடா, வெறுங்காலோடா என்பதை எல்லாருக்கும் ஒன்றாக வையுங்கள். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகச் சொல்லுங்கள். இரண்டு முறை நடக்கவைத்து வேகமானதை எடுங்கள். 4.82 நொடிக்குள் முடித்தால் 4 மதிப்பெண், 8.70 நொடிக்கு மேல் என்றால் 1.

கவனமாகப் பார்க்க வேண்டியது நாற்காலிச் சோதனை. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். வாழ்நாள் முழுதும் தரையில் உட்கார்ந்த பாட்டி நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்காருவார், எழும்போது ஒரு கை தானாக முழங்காலுக்குப் போகும், இன்னொரு கை முந்தானையைப் பிடிக்கும். ஒருமுறை ஒத்திகை பாருங்கள். முந்தானையை இடுப்பில் செருகிவிட்டுத் தொடங்குங்கள். நாற்காலி சுவரில் சாய்ந்திருக்கட்டும். கை ஊன்றினால் அந்தச் சோதனை முடியவில்லை என்றே பதிய வேண்டும், பாவம் பார்த்து மதிப்பெண் போடக்கூடாது. 11.19 நொடிக்குள் முடித்தால் 4, 16.70 அல்லது அதற்கு மேல் ஆனால் 1, ஒரு நிமிடம் தாண்டினால் 0.

கைப்பிடியில் தொழிலையும் பதியுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்தவரின் கையும் கொண்டலாம்பட்டியில் தறி ஓட்டியவரின் கையும் தொழிலால் வேறுவிதமாகத் தேய்ந்திருக்கும்.

மகனோ மருமகளோ பதில் சொல்ல ஆரம்பித்தால் தடுக்காதீர்கள், பக்கத்தில் 'வீட்டார் சொன்னது' என்று எழுதிவிட்டு அதே கேள்வியை முதியவரிடம் மறுபடி கேளுங்கள்.

10. பாதுகாப்பு

சோதனைக்கு முன் ரத்த அழுத்தம் பாருங்கள். 180/110-ஐ எட்டினாலோ, நெஞ்சு வலி இருந்தாலோ, மூன்று மாதத்துக்குள் எலும்பு முறிவோ அறுவை சிகிச்சையோ நடந்திருந்தாலோ நடைச் சோதனை வேண்டாம். சோதிக்கப்படுபவரின் பக்கவாட்டில், அரையடி பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். முன்னால் நின்றால் அவர் நடைக்கு நீங்கள் வேகம் வைக்கிறீர்கள்.

தளர்ந்தவர், ஊட்டம் குறைந்தவர், அடிக்கடி விழுபவர் என்று தெரிந்தால் படிவத்தை மூடிவிட்டு வரக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதுங்கள், தன்னார்வலருக்குத் தெரிவியுங்கள். வீட்டில் கவனிப்பே இல்லாத, அடிபடும் முதியவர் என்றால் முதியோர் உதவி எண் 14567.

11. சாயங்காலமும் அதற்குப் பிறகும்

அன்றைய படிவத்தை அன்றே சரிபாருங்கள். நொடியில் தசமப் புள்ளி விட்டுப்போனதும் வலது, இடது மாறியதும் ஊரை விட்டு இறங்கும் முன் தெரிந்தால் திருத்தலாம். பெயர், முகவரித் தாளையும் அளவுத் தாளையும் தனித்தனியே பூட்டிவையுங்கள், இரண்டையும் இணைப்பது எண் மட்டுமாக இருக்கட்டும்.

முதல் பத்துப் பேரை இரண்டு ஆய்வாளர்களும் தனித்தனியாக அளந்து ஒப்பிடுங்கள். நடையில் அரை நொடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்டாப்வாட்சை எப்போது அழுத்துகிறீர்கள் என்பதைப் பேசி ஒன்றாக்கும் வரை பதினோராவது ஆளைத் தொடாதீர்கள்.

கேள்வியில் ஒரு வரி மாற்றினாலும், ஒரு ஊர் கூடுதலாகச் சேர்த்தாலும் நெறிமுறைக் குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் போக வேண்டும். ஆய்வு ஓராண்டைத் தாண்டினால் முன்னேற்ற அறிக்கை, முடிந்ததும் நிறைவு அறிக்கை. ஊர்க்கவுண்டருக்கும் சுகாதார நிலையத்துக்கும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தை நேரில் கொடுங்கள். எத்தனை பேருக்கு முட்டி வலி, எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள், எந்த வீட்டுப் படியில் கைப்பிடி வைக்கலாம் என்ற அளவில் இருந்தால் போதும்.